ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடியபோது



"ஐயா, சூளைச் சொல் தொகுப்பு என்ன ஆச்சு? பொங்கலுக்கு வந்துவிடும் என்றீர்களே?" என்று வாட்ஸாப்பில் கேட்டவர்கள் இதுவரை பதினாறு பேர். "சித்தப்பா, புத்தகம் அச்சுக்குப் போயாச்சா?" என்று தொலைபேசியில் கேட்டவர்கள் தனி. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு முன்கதை. நம் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் படித்தார்கள். அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி, மின்கம்பத்து இன்சுலேட்டர், பியூஸ் கட்டை என்று வீட்டுக்கு வீடு ஒரு வேலை. அந்தப் பிள்ளைகள் கட்டுரை எழுதினால் அதில் எனக்குத் தெரியாத சொற்கள் வரும். சுடாத பொருளுக்குப் 'பச்சை' என்பார்கள். முதல் சூட்டில் வெந்து, மெருகு பூசாமல் இருப்பதற்கு 'பிஸ்கட்' என்பார்கள். வகுப்பில் ஒருவன், "எங்கப்பா நேத்து ஆயிரம் பிஸ்கட் அடுக்கினார் ஐயா" என்றதும் பின்பெஞ்சில் எல்லோரும் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. விரிசலில் இத்தனை வகை, தீயின் நிறத்தில் இத்தனை நிலை, மண்ணைப் பிசைவதில் இத்தனை பதம் என்று சொற்களைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இருபது வருடத்தில் ஏழு நோட்டு சேர்ந்தது. அதை 2007 முதல் கணினியில் ஏற்றினேன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, அன்று ஓடு பறந்து நோட்டுகள் எல்லாம் நனைந்து கூழாகிவிட்டன. அப்போது, "நல்லவேளை, கணினியில் இருக்கிறது" என்று ஆறுதல் பட்டேன். சொல் கொடுத்த பெரியவர்கள் பலர் இப்போது இல்லை. மீண்டும் போய்க் கேட்க முடியாது.

இனி கணினிக் கதை.

2007-ல் சம்பள நிலுவை கைக்கு வந்தபோது கணினியோடு ஒரு தமிழ் மென்பொருளும் வாங்கினேன். 4,500 ரூபாய், ரசீதோடு. "எதுக்கு சார் காசு, நான் சும்மாவே போட்டுத் தர்றேன்" என்று சொன்னவர்கள் உண்டு. தமிழாசிரியன் தமிழ் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு தமிழ் வளர்ப்பதா என்று காசு கொடுத்தே வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சின்ன நிறுவனம், நல்ல மனிதர்கள். குறுந்தகட்டைப் போட்டதும் திரையில் ஒரு 'கணினி எண்' வரும். அதைச் சென்னைக்குத் தொலைபேசியில் சொன்னால் அவர்கள் ஒரு 'திறப்பு எண்' தருவார்கள். அதை அடித்தால் எழுத்துருக்கள் திறந்துகொள்ளும்.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது மைக்ரோசாஃப்ட். கணினியை மாற்றினேன். மறுபடியும் சென்னைக்குத் தொலைபேசி. ஓர் அம்மா எடுத்தார். ரசீது எண்ணைக் கேட்டார், ஐந்து நிமிடத்தில் புது எண் கொடுத்தார், "நல்லா எழுதுங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

பிறகு 2025. அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் விடை கொடுத்தாயிற்று. பதினொன்றாம் பதிப்பை ஏற்றலாம் என்றால், என் கணினிக்கு அந்தத் தகுதி இல்லையாம். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலி வேண்டும். கணினி நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஹார்டு டிஸ்க் மட்டும் கரகரவென்று சத்தம் போட்டது. "அப்பா, வங்கிக் கணக்கெல்லாம் பார்க்கிற கணினி, மாற்றிவிடுங்கள்" என்றான் மகன். மாற்றினேன்.

புதுக் கணினியில் முதல் சோதனை, கடிதம் எழுதும் அலுவலகத் தொகுப்பு. அதையும் பெட்டியோடு வாங்கியிருந்தேன். சாவி எண் அட்டை பத்திரமாக இருந்தது. அடித்தால், "இந்தச் சாவி அனுமதிக்கப்பட்ட முறைகளுக்கு மேல் பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்றது. தொலைபேசியில் திறக்க வழி இருந்தது. எதிர்முனையில் இயந்திரக் குரல். திரையில் ஐம்பதுக்கு மேற்பட்ட இலக்கங்கள். வீட்டம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்க, நான் அழுத்த, எட்டாவது கட்டத்தில் வாசலில் கீரைக்காரம்மா குரல் கொடுக்க, "எவ்வளவும்மா கட்டு?" என்று இவர் கேட்க, முதலிலிருந்து ஆரம்பம். மூன்றாம் நாள் ஒரு மனிதக் குரல் கிடைத்தது. பழைய கணினியில் நீக்கிவிட்டீர்களா என்று கேட்டு, திறந்து கொடுத்தார். அது ஒரு வழியாக முடிந்தது.

அடுத்து தமிழ் மென்பொருள். குறுந்தகடு, ரசீது, சாவி எண் மூன்றும் கையில். 'கணினி எண்' திரையில் வந்தது. சென்னைக்கு அழைத்தேன். "நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை." மின்னஞ்சல் போன வேகத்தில் திரும்பி வந்தது. சென்னையில் இருக்கும் மாணவர் ஒருவர் எனக்காக அந்த முகவரிக்கே போய்ப் பார்த்தார். அங்கே இப்போது கைப்பேசி உறை விற்கிறார்களாம். நிறுவனத்தை மூடிப் பல வருடம் ஆகிறதாம். சண்டை போடவும் ஆளில்லை, கெஞ்சவும் ஆளில்லை.

என் கோப்பைப் புதுக் கணினியில் திறந்தேன். இருபது வருடச் சொற்கள் அத்தனையும் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும் கலந்த கஞ்சியாகத் தெரிந்தன. பழைய கணினியில் சரியாகத் தெரிகிறது. புதியதில் தெரியவில்லை. பழையதோ கரகரக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் சுந்தரர் கதை நினைவுக்கு வராமல் போகாது. பழமலைநாதரிடம் பன்னீராயிரம் பொன் பெற்றார். அவ்வளவையும் திருவாரூருக்கு எப்படிச் சுமப்பது? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, ஆரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார் இறைவன். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை. சுந்தரர் விவரமானவர், போடுவதற்கு முன் பொன்னில் கொஞ்சம் மச்சமாக, அதாவது மாதிரிக்காக, வெட்டி வைத்துக்கொண்டார். ஆரூரில் எடுத்த பொன் மாற்றுக் குறைவாக இருந்ததும் அதைக் காட்டி முறையிட்டார். என் கையிலும் மச்சம் இருந்தது: ரசீது, சாவி எண், அசல் குறுந்தகடு. முறையிடத்தான் கமலாலயக் கரையில் யாரும் இல்லை.

ஏன் இப்படி என்று படித்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

மென்பொருள், கணினியின் தாய்ப்பலகை, வட்டு, வலைப்பின்னல் அட்டை போன்ற பாகங்களின் அடையாளங்களைக் கலந்து ஓர் எண் உண்டாக்குகிறது. அது அந்தக் கணினியின் கைரேகை மாதிரி. அந்த ரேகையும் நாம் வாங்கிய சாவியும் நிறுவனத்தின் பதிவேட்டில் ஜோடியாக ஏறும். பாகம் மாறினால் ரேகை மாறும், மறுபடியும் கேட்கும். வீட்டுக் கணினிகளில் இதைப் பரவலாக்கியது 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி. கணினியோடு சேர்ந்தே வரும் விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தக் கணினியோடு முடிந்துபோகும். கடையில் தனியாக வாங்கிய சில்லறை உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாங்கும்போது இதை எடுத்துச் சொல்லும் கடைக்காரரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

தமிழாசிரியன் புத்தி எங்கே போகும்? 'வாங்கினேன்' என்ற சொல்லில் போய் நின்றது. சொத்து கைமாறுவதற்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! கிரயம் என்றால் முழுதாக உன்னுடையது. குத்தகை என்றால் காலக்கெடு உண்டு, பயிர் உன்னுடையது. வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. வாடகை என்றால் மாதாமாதம். ஒத்தி என்றால் மொத்தமாகக் கொடுத்த பணம் வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும். படிக்காத விவசாயிக்கும் இந்த ஐந்தின் வித்தியாசம் தெரியும், ஏமாற்ற முடியாது. நான் 4,500 ரூபாய் கொடுத்தது இதில் எது? மொத்தமாகக் கொடுத்ததால் கிரயம் போல இருக்கிறது. இடம் மாற்றக் கூடாது என்பதால் குத்தகை போல இருக்கிறது. பணம் திரும்பாததால் ஒத்தியும் இல்லை. 'லைசென்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவும் மறைந்துகொண்டது.

இது எனக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கும் ஆந்திர அரசுக்கும் இடையே நடந்த வழக்கில், தகட்டில் அடைத்து விற்கும் மென்பொருள் 'சரக்கு'தான், அதற்கு விற்பனை வரி உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்தது. ஆக, வரி கட்டும்போது அது சரக்கு. பெட்டிக்குள் இருக்கும் பொடி எழுத்து ஒப்பந்தத்தில் அது வெறும் அனுமதி. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012-ல் இன்னும் ஒரு படி போனது. காலவரையறை இல்லாத உரிமத்தை விலை வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது விற்பனைதான். வாங்கியவர் தன் கணினியில் இருப்பதை நீக்கிவிட்டு இன்னொருவருக்கு விற்கலாம் என்றது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சட்டம். வெறும் அனுமதியை மட்டும் கொடுக்கும் மின்பொருளுக்கு 'வாங்குங்கள்' என்று பொத்தான் வைத்தால், அது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஒரு சொல்லுக்காகச் சட்டம்! படித்ததும் மகிழ்ந்து போனேன்.

நம் நாட்டிலும் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவு ஒன்றைச் சொல்கிறது. மென்பொருளை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ கெட்டாலோ உதவ ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். நல்ல பிரிவு. ஆனால் பிரதி எடுத்து என்ன பயன்? பிரதியையும் திறப்பதற்கு மூடிய கடையின் சாவிதான் வேண்டும்.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் உண்டு. தமிழ் மென்பொருள் செய்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு குறுந்தகடு வாங்கினால் ஒரு தெருவே போட்டுக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு உலகம் முழுக்கச் சந்தை. தமிழுக்குச் சில ஆயிரம் டி.டி.பி. கடைகளும் சில அச்சகங்களும். பூட்டுப் போடாமல் அவர்களால் பிழைக்க முடிந்திருக்காது. பூட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பூட்டுக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்பதற்கு ஓர் ஒழுங்கு இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. அடோபி நிறுவனம் தன் பழைய 'கிரியேட்டிவ் சூட் 2' தொகுப்புக்கான திறப்புச் சேவையகத்தை நிறுத்தியபோது, முன்பு முறையாக வாங்கியவர்களுக்காகத் திறப்பே கேட்காத பிரதியையும் எண்ணையும் 2013 தொடக்கத்தில் வெளியிட்டது. கடையை மூடுகிற நாளில் எல்லாரும் அந்த ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போனால் போதும்.

பீங்கான் பேட்டையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு வாங்குவார்கள். வார்க்க வார்க்க அச்சு தேயும், முகம் மழுங்கும், பிறகு தூக்கிப் போடுவார்கள். அது பொருளின் இயல்பு, யாரும் வருத்தப்படுவதில்லை. ஆனால் ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குக் கொண்டுபோனதால் வார்க்க மாட்டேன் என்று சொன்ன அச்சை நான் பார்த்ததே இல்லை.

சரி, தொகுப்பு என்ன ஆயிற்று?

பெங்களூருவில் கணினித் துறையில் இருக்கும் மாணவர் ஒருவர் (பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்) தீபாவளிக்கு ஊருக்கு வந்தார். கஞ்சியைப் பார்த்துவிட்டு, "ஐயா, மென்பொருள்தான் பூட்டிக்கொண்டது. உங்கள் எழுத்து பூட்டிக்கொள்ளவில்லை" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் தமிழுக்குக் கணினியில் தனி இடம் பரவலாக இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் உட்கார வைத்த வரிசை வேறு. அதனால் ஒருவர் எழுத்துருவில் அடித்தது இன்னொருவர் கணினியில் கஞ்சி. இதை ஒழுங்குபடுத்த 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. பிறகு, உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் கொடுத்த யூனிகோடு நிலைபெற்றது. 2010-ல் தமிழ்நாடு அரசும் அதையே தரமாக ஏற்றது. இன்று நீங்கள் கைப்பேசியில் படிக்கும் இந்தப் பதிவு யூனிகோடு. இதற்குச் சாவி எண் கிடையாது, யாரையும் கேட்க வேண்டாம்.

ஆகவே என் கஞ்சியிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற வரிசை தெரிந்தால் மாற்றிவிடலாம். அதற்கென்றே இலவச மாற்றிகள் இருக்கின்றன. நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர், அழகி போன்றவை. யாரோ சில தமிழர்கள் இரவில் உட்கார்ந்து செய்து, காசு கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனவை. என் கோப்பின் வரிசை அந்தப் பட்டியலில் இருந்த ஒன்றோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. ஒத்துப்போகாத சிலவற்றுக்கு மாணவரே பழைய கணினித் திரையைப் பார்த்துப் பார்த்து அட்டவணை போட்டார். இரண்டு நாள் வேலை.

மாற்றியது முழுக்கச் சரியாக வந்துவிடவில்லை. பழைய முறையில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் 'ள' எழுத்துக்கும் வடிவம் ஒன்று. இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. மணிமுத்தாற்றுக் கெளுத்தி மீனைப் பிடித்து ஔகாரம் ஆக்கிவிட்டது; பௌர்ணமியைப் 'பெளர்ணமி' ஆக்கிவிட்டது. சொற்களுக்கு முன்னால் நான் இட்டிருந்த நட்சத்திரக் குறிகள், எந்தச் சொல் எந்த வேலைக்காரரிடம் கேட்டது என்று காட்டும் அடையாளங்கள், பல இடங்களில் காணாமல் போயின. அவற்றைப் பழைய கணினியில் பார்த்து ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது சொல். அதற்குமேல் கண் வலிக்கிறது. சூளைக் கரகரப்பு மாதிரி ஹார்டு டிஸ்க்கும் பக்கத்தில் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. அது நிற்பதற்குள் முடித்துவிட வேண்டும். தாமதத்துக்குக் காரணம் இதுதான். தை போய்விட்டது, ஆடிக்குள் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

எனக்குப் பயன்பட்ட சிலவற்றை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். வாத்தியார் புத்தி, வரிசைப்படுத்தாமல் சொல்ல வராது.

ஒன்று. பழைய கணினியை விற்பதற்கோ கொடுப்பதற்கோ முன்னால், காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொரு மென்பொருளிலும் 'உரிமத்தை விடுவி' என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். விடுவித்த பிறகே கணினியை அனுப்புங்கள்.

இரண்டு. ரசீது, சாவி எண் அட்டை எல்லாவற்றையும் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால், பாகம் மாற்றும்போது கொஞ்சம் சுலபம்.

மூன்று. வாங்கும்போதே கேளுங்கள்: "கணினி மாற்றினால் இது கூட வருமா? எத்தனை தடவை வரும்?" கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

நான்கு, முக்கியமானது. வீட்டில் பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்பு ஏதாவது இருந்தால் இந்த மாதமே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, அப்பாவின் கவிதை, சங்கக் கணக்கு, கோயில் வரலாறு, எதுவானாலும். பழைய கணினி உயிரோடு இருக்கும்போது செய்தால் ஒப்பிட்டுத் திருத்தலாம். செத்த பிறகு செய்தால் ஊகிக்கத்தான் முடியும். வெறும் எழுத்துக் கோப்பாக ஒன்று, பி.டி.எஃப். ஆக ஒன்று, காகிதத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். இந்தத் தொகுப்பை நான் இப்போது லிபர் ஆஃபிஸ் என்ற இலவசத் தொகுப்பில்தான் வைத்திருக்கிறேன். எந்தக் கணினியில் போட்டாலும் அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நட்சத்திரக் குறி காணாமல் போனதில் நூற்றுப்பத்துச் சொற்கள் யார் சொன்னது என்பது பழைய கணினியிலும் தெளிவாக இல்லை. அந்தப் பட்டியலைக் கீழே பின்னூட்டத்தில் படமாகப் போடுகிறேன். பேட்டையில் அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ வேலை பார்த்த பிள்ளைகள், பட்டியலை வீட்டில் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். "இது எங்கள் கொட்டகைச் சொல்" என்று யாராவது சொன்னால் பெயரோடு எனக்கு எழுதுங்கள். புத்தகத்தில் அவர்கள் பெயர் வரும். தொலைபேசியில் சொல்வதானால் மாலை ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். காலையில் நாற்பது சொல் பாக்கி இருக்கும்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா
விருத்தாசலம்